பெருவிரல் மறைத்த புள்ளி

என் அப்பா தில்லையம்பலம் இறந்து இருபதாம் நாள். காலை எட்டரை மணி. இலண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற நகரத்தில் ஒரு கலியாண மண்டபத்தின் பின்பக்கம், குப்பைத்தொட்டிகளுக்கு அந்தப் பக்கமாக நிறுத்தியிருந்த அவருடைய வெள்ளை வான் வண்டிக்குள் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மண்டபத்துக்குள் ஒரு பெரிய பூக்கூண்டு தரையில் இருந்தது. அதைப் பத்தே முக்காலுக்குள் மணவறைக்கு நேர் மேலே மூன்று கயிற்றில் தொங்கவிட வேண்டும். பதினொன்று ஐந்துக்குத் தாலி. அப்பா ஏற்றுக்கொண்ட கடைசி வேலை. எந்தக் கயிற்றில் எத்தனை கிலோ இழுவை வரும் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் எதையும் மேலே தூக்க விடமாட்டேன் என்று மண்டப முகாமையாளர் மஞ்சள் அங்கியோடு நின்றார். அந்தத் தாளை எழுதுவது எப்போதும் நான்தான். நான் கட்டடப் பொறியியலாளர். மற்றவர்களுக்குத் தயாளினி. மண்டபக்காரர்களிடம் அப்பா சொல்லும் பெயர் "என்ர மகள் இஞ்சினியர்".

நான் ஏன் உள்ளே போகாமல் வானுக்குள் இருந்தேன் என்றால், எனக்குத் துடக்கு. வீட்டில் ஒருவர் போனால் முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை நாங்கள் மங்கல காரியம் நடக்கும் இடத்தில் கால் வைக்கக்கூடாது. மணப்பெண்ணின் தாய் சந்திரவதனா அன்ரி குப்பைத்தொட்டிகளின் மண்டபப் பக்கத்தில் நின்று, பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அதை விளக்கினார்.

"பிள்ளை, குறை நினைக்கக்கூடாது. உன்ர அப்பா எனக்கு உடன்பிறவாத சகோதரம் மாதிரி. ஆனா இந்தப் பச்சைத் தொட்டிக்கு இஞ்சால வராதை."

"நீலத் தொட்டி வரைக்கும் வரலாமோ அன்ரி?"

"நீலமும் வேண்டாம். பார், நீ காலாகாலத்தில கலியாணம் கட்டியிருந்தா மூண்டு நாளோட துடக்குக் கழிஞ்சிருக்கும். இண்டைக்கு உள்ள நிண்டு வேலை செய்திருப்பாய்."

"ஒரு பூக்கூண்டு தூக்கிறதுக்காக ஒருத்தனைக் கட்டேலுமோ அன்ரி?"

"கனபேர் அதைவிடச் சின்னக் காரணத்துக்குக் கட்டியிருக்கினம்" என்று சொல்லிவிட்டு அவர் மகள் லக்‌ஷிகாவின் தலையலங்காரத்தைப் பார்க்க ஓடினார்.

நான் சிரித்தேன். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. அன்று முழுவதும் ஒரு மாதிரித்தான் இருந்தேன். தூக்கம் இல்லாத மூன்று வாரம், காலையில் மூன்று கோப்பைக் கோப்பி. உடம்பு காற்றடைத்த பை மாதிரி மிதந்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றொன்றில் இலண்டனுக்கு வந்தார். பெற்றோல் நிரப்பும் செட்டில் வேலை, பிறகு ஒரு களஞ்சியம், பிறகு ஒரு கோழிக்கடை. எதிலும் நிலைக்கவில்லை. இரண்டாயிரத்து மூன்றில் வெம்பிளியில் ஒரு சொந்தக்காரர் கலியாணம். மணவறையின் மேற்கூரை ஒரு பக்கம் சரியத் தொடங்கியது. ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை, ஆனால் கண் மேலேயே இருந்தது. விருந்தாளியாக வந்த அப்பா, கோட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினார். கயிறு இல்லை. கீழே நின்ற மூன்று மாமாக்களின் பெல்ட்டுகளை வாங்கிக் கூரையின் மூலையைச் சீலிங் கம்பியோடு மூன்று திசையில் இழுத்துக் கட்டினார். கூரை நின்றது. அந்தக் கலியாண அல்பத்தில் தாலி கட்டும் படம் இருக்கிறது. மணமக்களுக்குப் பின்னால் மூன்று மாமாக்கள், ஒரு கையால் அட்சதை போடுகிறார்கள், மறு கையால் காற்சட்டையைப் பிடித்திருக்கிறார்கள்.

அடுத்த மாதமே மூன்று பேர் அப்பாவைத் தேடி வந்தார்கள். அப்படித்தான் மணவறை அலங்காரத் தொழில் தொடங்கியது. ஃபாரஸ்ட் கேட் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கராஜ். அதற்குள் பொன்னிறம் பூசிய தூண்கள், மயில்கள், துணிப் பூக்கள். காரை மழையில் விட்டுவிட்டு மயிலை உள்ளே வைத்தார். தொழிலில் பங்காளி மேர்வின் மாமா. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர், கத்தோலிக்கர், சின்ன வயதில் படகில் மீன்பிடிக்கப் போனவர். முடிச்சுப் போடுவதில் மன்னன். ஏணியில் ஏறினால் மாதாவைக் கூப்பிடுவார், இறங்கினால் பிள்ளையாருக்கு நன்றி சொல்வார். வாடிக்கையாளரைச் சந்தோசப்படுத்த என்பார்.

அப்பா பாரம் தொங்கவிட உருக்குக் கம்பிக் கயிறுகள் வைத்திருந்தார். எல்லாம் மூன்று மீட்டர். இரண்டு முனையிலும் கொளுக்கி. ஒரே நீளம் என்றால் மேர்வின் மாமா தேடிக்கொண்டு நிற்க மாட்டார் என்பது காரணம். கயிற்றை வெட்டமாட்டார், மேலே மாட்டும் இடத்தைத்தான் நகர்த்துவார். ஒவ்வொரு கயிற்றின் மேல்முனையிலும் பயணப்பெட்டி நிறுக்கும் தராசு ஒன்றைக் கொளுவுவார். கொழும்புக்குப் போய்வரும் எந்தத் தமிழ் வீட்டிலும் அந்தத் தராசு ஒன்று இருக்கும். அப்பாவிடம் மூன்று. தூக்கி முடிந்ததும் ஏணியில் ஏறி மூன்றையும் வாசிப்பார். எந்தக் கயிறும் அளவுக்கு மேல் இழுக்கவில்லை என்று தெரிந்தால் தராசுகளைக் கழற்றிவிட்டு நேரே மாட்டுவார்.

நான் வேலைக்குப் போன பிறகு அது போட்டியாக மாறியது. அவர் மூன்று கொளுக்கிகளும் எங்கே என்று அளந்து எழுதிப் படம் அனுப்புவார். நான் கணக்குப் போட்டு விடை அனுப்புவேன். அவர் அனுபவத்தில் ஒரு விடை எழுதி மடித்து வைத்திருப்பார். தராசு தீர்ப்புச் சொல்லும். யாருடைய விடை தராசுக்குக் கிட்டவோ அவருக்கு வெற்றி. தோற்றவர் நிற்கும் இடத்திலேயே, உரத்த குரலில், "நீங்கள் சொன்னதுதான் சரி" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். நான் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். ஜூபிலி வழி ரயிலில் சொல்லியிருக்கிறேன். அவர் மீன்கடை வரிசையில் நின்று, தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னதுதான் சரி" என்று கத்த, மீன் வெட்டியவர் "அப்ப சின்னத் துண்டாவே வெட்டட்டோ?" என்று கேட்டாராம். ஆறு வருடத்தில் எனக்கு முப்பத்தொன்று. அவருக்கு முப்பது.

கணக்கு கடினமானதல்ல. பூக்கூண்டின் உச்சியில் ஒரு வளையம். அதுதான் புள்ளி. அந்தப் புள்ளியை நாலு விசைகள் இழுக்கின்றன: கூண்டின் நிறை கீழே, மூன்று கயிறுகள் மூன்று பக்கமாக மேலே. புள்ளி அசையவில்லை. ஆகவே கிழக்கு மேற்காகக் கூட்டினால் பூச்சியம். வடக்கு தெற்காகக் கூட்டினாலும் பூச்சியம். மேல் கீழாகக் கூட்டினாலும் பூச்சியம். மூன்று சமன்பாடு, தெரியாத மூன்று இழுவை. கயிறு எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் மட்டும்தான் இழுக்கும் என்பதால், திசையை ஒரு அலகு நீளமுள்ள அம்பாக, அதாவது அலகுக் காவியாக எழுதி இழுவையால் பெருக்குவோம். அலகுக் காவியின் தலையில் தொப்பி மாதிரி ஒரு குறி போடுவது வழக்கம். அப்பாவுக்கு அது பெரிய பகிடி.

"கயிறு போற பக்கம்தானே இழுக்கும். அதுக்கேன் தொப்பி? வெயிலோ?"

கூண்டு இருபத்தேழு கிலோ என்றால் மூன்று கயிறும் சேர்ந்து நாற்பத்தைந்து கிலோ இழுக்கும் என்று சொன்னால் வாடிக்கையாளர்கள் நம்ப மாட்டார்கள். கயிறுகள் சரிந்து போவதால், மேலே தூக்குவதோடு ஒன்றையொன்று பக்கவாட்டிலும் இழுத்துக்கொள்கின்றன. நான் அதை இப்படி விளக்குவேன். அப்பா வேறு விதமாக விளக்குவார். "மூண்டு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்தா, பாதிப் பலம் ஆளை ஆள் இழுக்கிறதிலதான் போகும். கோயில் நிர்வாகசபையைப் பாக்கேல்லையோ?" அவர் விளக்கம்தான் எல்லோருக்கும் விளங்கும்.

மூன்று வாரத்துக்கு முந்திய திங்கள் பின்னேரம் இந்தக் கலியாணத்துக்கான படம் வந்தது. காட்போட் பெட்டியின் மூடியில் எழுதியிருந்தார். கூடவே ஒரு குரல் செய்தி: "இதைச் செய்து அனுப்பு. என்ர விடை வானுக்கை, இருமல் மிட்டாய் ரின்னுக்கை கிடக்கு. நீ அனுப்பாமல் களவாப் பாக்கக்கூடாது, ஓமோ?"

நான் எழுதிய பதில்: "நாளைக்கு அப்பா. மீட்டிங்."

செவ்வாய் காலை, தேத்தண்ணி ஆறுவதற்குள், மாரடைப்பு.

அந்தத் தகர ரின் மூன்று வாரமாக வானின் முன்தட்டில் கிடந்தது. நான் திறக்கவில்லை. விடை அனுப்பாமல் பார்ப்பது களவு. விடையும் அனுப்ப முடியவில்லை, ஏனென்றால் படத்தில் மூன்றாவது புள்ளி இல்லை. அப்பா எடுக்கும் எல்லாப் படங்களிலும் இருக்கும் அவருடைய பெருவிரல் அந்த வரியை மறைத்திருந்தது. காட்போட் மூடி, செத்தவீட்டுக்கு வந்த உறவுக்காரர் வீட்டைத் துப்புரவாக்கிய வேகத்தில் மீள்சுழற்சிக்குப் போய்விட்டது. நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நகத்தில் பொன் வர்ணம். ஏதோ ஒரு மயிலுடையது. மூன்று வாரம் நான் பார்த்தது கணக்கை அல்ல.

அன்று காலை அம்மா சொன்னார்: "போ. அதைத் தூக்கிக் கட்டிப்போட்டு வா. அந்த மனுசன் ஏத்த வேலையை நிலத்தில விட்டவர் எண்டு பேர் வரக்கூடாது."

எனக்கு வேண்டியது இரண்டு. கூண்டு மேலே போக வேண்டும். அதற்கு முன்னால், அப்பாவுக்கு நான் விடை அனுப்பியிருக்க வேண்டும்.

படத்தில் தெரிந்தவை: முதலாவது கொளுக்கி, வளையத்திலிருந்து கிழக்கே இரண்டு மீட்டர், தெற்கே ஒன்று, மேலே இரண்டு. இரண்டாவது, மேற்கே ஒன்று, வடக்கே இரண்டு, மேலே இரண்டு. மூன்றாவது, பெருவிரல். கீழே, நிறை முப்பது.

மேர்வின் மாமாவுக்கு அழைப்பு எடுத்தேன். காணொளியில் எடுத்தார். அவருடைய மூக்குத் துவாரங்களும் மண்டபக் கூரையும் தெரிந்தன. அப்படியே உறைந்து நின்றது. காணொளியை விட்டுவிட்டுக் குரலில் பேசினோம்.

"மாமா, கூண்டு எத்தினை கிலோ? அப்பா முப்பது எண்டு எழுதியிருக்கிறார்."

"நான் இப்பதான் தராசில போட்டனான். இருபத்தேழு."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"பிள்ளை, எனக்குக் கண்ணாடி போட்டும் கண் தெரியும், போடாமலும் தெரியும். இருபத்தேழு."

அப்பா முழுத் தொகையாக்கி எழுதியிருப்பார் என்று நினைத்தேன். முப்பதை வெட்டி இருபத்தேழு என்று போட்டேன். பிறகு மூன்றாவது கொளுக்கி எங்கே என்று கேட்டேன். இரும்புக் கம்பி ஒன்றில் அப்பா அடையாளம் கட்டி வைத்திருக்கிறார் என்றார்.

"வளையம் வந்து நிக்கவேண்டிய இடத்தில இருந்து அளந்து சொல்லுங்கோ. கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு, மேல கீழ."

"கிழக்கு எது?"

"உங்கட போனில திசை காட்டுற கொம்பாஸ் இருக்கெல்லோ. அதைப் பாத்துச் சொல்லுங்கோ."

பத்து நிமிடம் கழித்து வந்தது: கிழக்கே இரண்டு, வடக்கே இரண்டு, மேலே ஒன்று. இரண்டும் இரண்டும் ஒன்றும், வர்க்கங்களைக் கூட்டினால் ஒன்பது, வர்க்கமூலம் மூன்று. கயிற்றின் நீளம் சரியாக மூன்று மீட்டர். அப்பாவின் வேலைதான். எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. மூன்று சமன்பாட்டையும் அப்பாவின் பழைய விலைப்பட்டியல் ஒன்றின் முதுகில் எழுதினேன். இரண்டு நிமிட வேலை.

முதல் கயிறு இருபத்து மூன்று கிலோ. இரண்டாவது இருபத்து மூன்று கிலோ. மூன்றாவது, சய பதினொன்றரை கிலோ.

சய. பூச்சியத்துக்குக் கீழே. அதாவது மூன்றாவது கயிறு கூண்டைப் பிடித்து இழுக்கவில்லை, தள்ளுகிறது. உலகத்தில் எந்தக் கயிறும் எதையும் தள்ளியதில்லை. நான் மறுபடி போட்டேன். மறுபடியும் தள்ளியது. ஒரு கம்பிக் கயிறு தடி மாதிரி விறைத்து நின்று பூக்கூண்டை ஊன்றித் தள்ளும் காட்சி மனதில் வந்தது. நான் சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. ஸ்டியறிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன், ஹோர்ன் அடித்துவிட்டது, சந்திரவதனா அன்ரி ஓடி வந்து பச்சைத் தொட்டியோடு நின்றார்.

"என்ன பிள்ளை? முடிஞ்சுதோ?"

"இல்லை அன்ரி. ஒரு கயிறு தள்ளுது."

"அப்ப அதை விட்டுட்டு மற்ற ரெண்டிலயும் தூக்குங்கோவன்!"

"ரெண்டில தூக்கினா கூண்டு மாப்பிள்ளையின்ர தலையில வந்து நிக்கும்."

"ஐயோ, அந்தத் தலைமயிருக்கு அவன் எவ்வளவு பாடுபட்டவன்!" மருமகன் யனுஷனுக்கு முப்பது வயதில் முன்பக்கம் வழுக்கை ஏறிவிட்டிருந்தது, அதைப் பற்றிக் குடும்பமே கவலைப்பட்டது. "மணி பத்தாகுது பிள்ளை. அந்த மஞ்சள் கோட் நிண்டு மணிக்கூட்டைப் பாக்குது. கூண்டைக் கீழ வச்சுத் தாலி கட்ட ஏலுமோ? சனம் என்ன, கோழிக்கூடு எண்டு நினைக்காதோ?"

சய விடை பிழையான விடை அல்ல, தகவல். அலுவலகத்தில் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது. இப்போது அது என்ன சொல்கிறது? மூன்று கொளுக்கிகளையும் தாளில் குறித்துப் பார்த்தேன். மூன்றும் வளையத்தின் ஒரே பக்கத்தில், வடகிழக்கில் குவிந்து கிடந்தன. மூன்று பேரும் ஒரே பக்கம் நின்று இழுத்தால் கூண்டு அந்தப் பக்கம் போய்விடும். நடுவில் நிற்காது. இருபது வருடம் கூண்டு தொங்கவிட்ட மனிதர் அப்படி ஒரு கொளுக்கியை அடையாளம் கட்டியிருக்க மாட்டார். அப்பா பிழை விடவில்லை என்றால் பிழை விட்டது நான்.

"மாமா, மூண்டாவது கொளுக்கி மணமக்களுக்கு முன்னாலயோ, பின்னாலயோ?"

"பின்னால."

"முதலாவது?"

"அது முன்னால, சனத்தின்ர பக்கம்."

"அதெப்பிடி? அப்பா முதலாவது கிழக்கு எண்டு எழுதியிருக்கிறார். நீங்கள் மூண்டாவதும் கிழக்கு எண்டுறியள். ஒண்டு முன்னால, ஒண்டு பின்னால. ரெண்டும் எப்பிடிக் கிழக்காகும்?"

தொலைபேசிக்குள் நாதஸ்வரக்காரர் சுருதி பார்ப்பது கேட்டது.

"பிள்ளை, உன்ர அப்பா எப்பவும் ஐயரின்ர கிழக்கைத்தான் எழுதுறவர்."

எனக்கு முழுவதும் விளங்கியது. மணமக்கள் கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும். இலண்டனில் மண்டபம் கட்டியவர்களுக்கு அது தெரியாது. மேடை எந்தப் பக்கம் பார்க்கிறதோ பார்க்கட்டும், ஐயர் வந்து கும்பத்தை வைத்து, மணமக்கள் பார்க்கும் பக்கத்தைக் காட்டி, இது கிழக்கு என்பார். அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அதுதான் கிழக்கு. இந்த மண்டபத்தில் மேடை சூரியன் மறையும் பக்கம் பார்க்கிறது. தொலைபேசி அதை மேற்கு என்றது. அப்பாவின் இரண்டு புள்ளிகள் ஐயரின் கிழக்கில் இருந்தன, மூன்றாவது புள்ளி தொலைபேசியின் கிழக்கில். மூன்றும் ஒரே கிழக்கில் இருந்தால், அது எந்தக் கிழக்கானாலும் விடை மாறாது. ஆறு வருடம் மூன்றையும் அப்பாவே அளந்து அனுப்பியதால் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"இதை ஏன் மாமா முதலே சொல்லேல்லை?"

"நீ கொம்பாஸ் எண்டாய். படிச்ச பிள்ளை சொல்லுது, கேப்பம் எண்டு பாத்தன். நான் வேதக்காரன். ஐயர் கிழக்கைக் கொண்டுபோய் எங்க வச்சா எனக்கென்ன?"

மூன்றாவது புள்ளியைத் திருப்பிப் போட்டேன். ஐயரின் மேற்கே இரண்டு, தெற்கே இரண்டு, மேலே ஒன்று. தாளில் மூன்று கொளுக்கிகளும் வளையத்தைச் சுற்றி ஒழுங்காக நின்றன. சமன்பாடுகள் வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டன. பதினெட்டு, பதினெட்டு, ஒன்பது. எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்து. கொளுக்கிகள் தாங்கும் அளவில் பாதிகூட வரவில்லை. எல்லாம் முழு எண்கள்! வானுக்குள் இருந்து கைதட்டினேன்.

தாளில் கையெழுத்து வைத்தேன். இப்போது தாள் எப்படி உள்ளே போவது?

"துடக்குக் கையால எழுதின தாள்" என்றார் சந்திரவதனா அன்ரி, பச்சைத் தொட்டியின் மூடியில் விரலால் தட்டிக்கொண்டு. "மஞ்சள் தண்ணி தெளிச்சா?"

"மை கரைஞ்சுபோம் அன்ரி. படமெடுத்து ஈமெயிலில அனுப்பட்டோ?"

"ஈமெயிலில துடக்குப் போகாதோ?"

இருவருக்கும் தெரியவில்லை. அவர் உள்ளே போய் ஐயரைக் கேட்டுவிட்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "ஐயர் சொல்லுறார், ஈமெயிலுக்குத் துடக்கு இல்லையாம். அச்செடுக்கிற மிசின் மட்டும் மேடையில இருக்கக்கூடாதாம்."

அனுப்பினேன். முகாமையாளர் வாசித்தார். தலையசைத்தார். பத்து இருபத்தைந்து.

தூக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை இருந்தது. வாட்ஸ்அப்பைத் திறந்து, "நாளைக்கு அப்பா. மீட்டிங்." என்ற வரிக்குக் கீழே எழுதினேன்: "18, 18, 9." அனுப்பு என்பதை அழுத்தினேன். என் கைப்பைக்குள் அப்பாவின் தொலைபேசி அதிர்ந்தது. அம்மா அதை அணைக்க விடவில்லை, அன்று காலை என்னிடம் தந்து விட்டிருந்தார். அது இரண்டு தரம் அதிர்ந்து நின்றது. அப்பா வழக்கமாக எடுக்கும் நேரத்தைவிடக் குறைவு.

உள்ளே ஒரு சத்தம் எழுந்தது. சனம் ஒன்றாக மூச்சு இழுக்கும் சத்தம். தொலைபேசியில் மேர்வின் மாமா மாதாவைக் கூப்பிட்டார்.

"மேல போயிட்டுது பிள்ளை! நடுவில நிக்குது. அச்சொட்டா நடுவில. ஒரு அங்குலம் அசையேல்லை."

"தராசை வாசியுங்கோ."

"பொறு, ஏணியில ஏறுறன். முதலாவது, இருபது."

"பதினெட்டு."

"இருபது. ரெண்டாவது, இருபது."

"மாமா, கண்ணாடி போட்டிருக்கிறியளோ?"

"போட்டிருக்கிறன்! மூண்டாவது, பத்து."

இருபது, இருபது, பத்து. என்னுடையது பதினெட்டு, பதினெட்டு, ஒன்பது. மூன்றும் ஒரே விகிதத்தில் கூட. ஒன்பதுக்குப் பத்து. கொளுக்கி பிழை என்றால் மூன்றும் மூன்று விதமாகப் பிழைத்திருக்கும். திசைகள் எல்லாம் சரி. நிறைதான் பிழை. கூண்டு இருபத்தேழு அல்ல, முப்பது.

"மாமா, கூண்டை நிறுத்துப் பாத்த பிறகு என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை."

"ஒண்டுமில்லையோ?"

"பூ குத்தின பச்சைப் பஞ்சுக்குத் தண்ணி விட்டனான். எப்பவும் செய்யிறதுதானே. விடாட்டிப் பூ வாடிப்போம்."

"மூண்டு லீட்டர்."

மாமா குரலைத் தாழ்த்தினார்: "உனக்கு வெளியில இருந்துகொண்டு எப்பிடித் தெரியும்?"

தாளில் மூன்று எண்களையும் திருத்தி, முகாமையாளருக்கு மறுபடி அனுப்பினேன். கொளுக்கிகளுக்கு இன்னும் நிறைய இடம் இருந்தது. மேர்வின் மாமா தராசுகளைக் கழற்றிக் கயிறுகளை நேரே மாட்டி இறங்கினார். பிள்ளையாருக்கு நன்றி சொன்னார்.

ரின் முன்தட்டில் இருந்தது. நான் விடை அனுப்பிவிட்டேன். இனிக் களவு இல்லை.

மூடி இறுக்கமாக இருந்தது. உள்ளே மூன்று இருமல் மிட்டாய், ஒரு பெற்றோல் ரசீது மடித்து. ரசீதின் முதுகில் அவருடைய பெரிய எழுத்து:

"20, 20, 10. தண்ணியோட. நீ தண்ணியை மறந்திருப்பாய்."

இரண்டு தரம் வாசித்தேன். பிறகு ஒரு மிட்டாயை வாயில் போட்டேன். பழசு. கடதாசியோடு ஒட்டியிருந்தது. கடதாசியோடு சப்பினேன்.

முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று.

விதி விதிதான். வான் கதவைத் திறந்து இறங்கினேன். வாகனத் தரிப்பிடம் வெயிலில் பளபளத்தது. மண்டபத்துக்குள் நாதஸ்வரம் வேகம் எடுத்திருந்தது, அதைவிட உரக்கச் சொன்னால்தான் கணக்கு.

"நீங்கள் சொன்னதுதான் சரி!"

ஒரு காருக்குள் இருந்து பிள்ளைக்குக் காலுறை போட்டுக்கொண்டிருந்த ஒரு தகப்பன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"நீங்கள் சொன்னதுதான் சரி!"

மேளக்காரர் கெட்டிமேளம் பிடித்தார். முழு மண்டபமும் அதிர்ந்தது. யாருடைய குரலும் கேட்காத சத்தம். நான் இரண்டு கையையும் வாயில் குவித்து, கழுத்து நரம்பு புடைக்க, சிரித்துக்கொண்டோ அழுதுகொண்டோ, எது என்று எனக்கே தெரியாமல், மூன்றாம் தரம் கத்தினேன். அதே கணத்தில் மேளம் நின்றது. என் குரல் மட்டும் தனியாகச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

பின்கதவு திறந்தது. சந்திரவதனா அன்ரி. தலையில் அட்சதை அரிசி, கண் சிவந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கையில் ஒரு தட்டு, வடையும் பாயசமும். பச்சைத் தொட்டியின் மூடியில் தட்டை வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார்.

"சாப்பிடு. தாலி ஏறிட்டுது. உன்ர அப்பான்ர கூண்டுக்குக் கீழதான். மாப்பிள்ளையின்ர தலையில ஒண்டும் விழேல்லை." மூக்கைத் துடைத்தார். "இஞ்ச நிண்டு ஆரோட கத்துறாய்? ஆர் சரி?"

"அப்பா."

"அதைச் சொல்லவோ இந்தச் சத்தம்? அந்த மனுசன் எண்டைக்குப் பிழை விட்டவர்?"

"முப்பத்தொரு தரம்" என்றேன், வடையை எடுத்துக்கொண்டு.